மாமனாருக்கு வாங்கிய ஜூஸ்

செல்போன் அலறியது.

விழுப்புரத்தில் தன் டைல்ஸ் கடையில் உட்கார்ந்திருந்த திருமுருகன், மாமியார் தையல்நாயகியின் பெயரைப் பார்த்ததும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

"மாப்ள... மாமா கூடத்துல வியுந்து கெடக்கிறாரு. பேச்சு மூச்சு இல்ல. ஜல்தியா வாங்க..."

"அழாதீங்க அத்தை. தோ, கெளம்பிட்டேன்."

கார் திண்டிவனம் பக்கம் பறந்தது. ஊர் தாண்டியதும் விசிலடிக்கவே ஆரம்பித்துவிட்டான், பாவி!

பாவி என்று சும்மா சொல்லவில்லை.

மாமனார் தாண்டவராயனுக்குத் திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி, அதாவது நிலக்கடலை வியாபாரம். பைபாஸ் ஓரம் நாலு ஏக்கர். காலில் கௌட் எனும் மூட்டுவலி. யூரிக் ஆசிட் ஏறினால் கட்டைவிரல் தக்காளிப் பழமாக வீங்கும். ஈரலையும் பீரையும் விடச் சொல்லி, மாத்திரை எழுதினார் டாக்டர். சிவப்புக் கிரான்பெரி ஜூஸைக் கொண்டுவந்தது திருமுருகன்தான். யூடியூபில் பார்த்தானாம். டாக்டரைக் கேட்டால், குடித்தால் குடியுங்கள், மாத்திரையை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று முடித்துக்கொண்டார்.

"குடிங்க மாமா, ஆயுசு கெட்டி" என்று பாட்டில் பாட்டிலாக வாங்கித் தந்த மாப்பிள்ளையைத் தெருவே மெச்சியது.

வந்தது வினை. நாலு ஏக்கரையும் திருமுருகனின் மனைவியான மூத்த மகளுக்கு இல்லாமல், சின்ன மகள் சங்கவி பெயருக்கு எழுதப்போவதாக மாமனார் வாய்விட்டார். போன ஞாயிற்றுக்கிழமை திருமுருகன் கொடுத்த பாட்டிலில் ஜூஸோடு வேறொன்றும் கலந்திருந்தது. அதற்கு நிறமில்லை, வாசமும் இல்லை.

திண்டிவனம். வீடு.

வாசலில் கூட்டமில்லை... ஒப்பாரியும் இல்லை!

சமையலறைக் கதவோரம் நின்று மாமியார் எவர்சில்வர் சொம்பை நீட்டினாள். வெயிலில் வந்த மாப்பிள்ளைக்கு வெறும் தண்ணீர் கொடுப்பது அந்த வீட்டில் வழக்கமில்லை. கொடுத்ததை மிச்சம் வைத்தால் மாமியாருக்கு அவமானம். நன்னாரி சர்பத். மேலே சப்ஜா விதை மிதந்தது. ஒரே மூச்சில் குடித்தான். அழுவதற்குத் தொண்டை நனைய வேண்டுமே!

அறைக்குள் நுழைந்து, ஓவென்று வாயைத் திறந்தவன் அப்படியே நின்றான்.

தலையணை மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு தாண்டவராயன் உட்கார்ந்திருந்தார்! பக்கத்தில் எதிர்வீட்டு செண்பகம். சப்-இன்ஸ்பெக்டர். இன்றைக்கு லீவு.

நேற்று திருட்டுத்தனமாக ஈரல் வறுவலை வெளுத்துக் கட்டினாராம். காலையில் வலி தாங்காமல் மயங்கி விழுந்தாராம். செண்பகம் வந்து தண்ணீர் தெளித்து எழுப்பியிருக்கிறாள்.

"ஜூஸு... குடிக்கலையா மாமா?"

பதில் பின்னாலிருந்து வந்தது.

"நீங்க ஞாயித்துக்கெயம குடுத்த பாட்டில இன்னிக்கித்தான் தொறந்தேன் மாப்ள. ஒசத்தியான ஜூஸாச்சே, உங்க சர்பத்துல தாராளமா ஊத்திட்டேன்."

திருமுருகனுக்கு வயிறு எரிந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"ஐயோ! ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போங்க! அதுல வெஷம் இருக்குது!"

"வெஷமா? உங்களுக்கு எப்படித் தெரியும்?" செண்பகம் அலட்டிக்கொள்ளவில்லை.

"நான்தாங்க கலந்தேன், மாமாவுக்கு! மீதி கார் டிக்கியில இருக்குது... டாக்டர்கிட்ட காட்டுங்க... காப்பாத்துங்க!"

சாவியை அவனே நீட்டினான். செண்பகம் இரண்டு போன் செய்தாள். ஒன்று ஆம்புலன்சுக்கு, ஒன்று ஸ்டேஷனுக்கு.

தாண்டவராயன் தொண்டையைச் செருமினார்.

"ஆம்புலன்ஸ் வேணாம்மா... ஜீப் போதும்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"அந்தப் புளிப்பு எனக்கு ஆவாது. பாட்டில் வந்த அன்னிக்கே ஜலதாரியில கொட்டிட்டு, நல்லா கழுவி, ரோஸ் எசன்ஸ் கலந்த தண்ணிய ரொப்பி வெச்சிடுவேன். இவ கண்டுபுடிச்சா பேஜாரு. மாப்ள குடிச்சது அதத்தான்."

திருமுருகனின் வயிற்றெரிச்சல் சட்டென்று நின்றது. மற்றதெல்லாம் அப்போதுதான் எரிய ஆரம்பித்தது.

தையல்நாயகி மருமகனை ஏறிட்டும் பார்க்கவில்லை. புருஷனை முறைத்தாள்.

"அப்ப இத்தினி மாசமா ஒரு வாய்கூட குடிக்கலையா நீங்க?"

"ஒரு சொட்டுகூட இல்ல தையலு. ஆனா மாப்ள சொன்னது பலிச்சிப்போச்சு பாரு... அந்த ஜூஸால எனக்கு ஆயுசு கெட்டி!"