மூலையில் ரெண்டு தட்டு

பஸ்ஸின் பின்பக்கத் தகரத்தில் யாரோ ரெண்டு தட்டு தட்டினார்கள். கண்டக்டர் வேல்சாமி இன்னும் படியை விட்டு இறங்கவே இல்லை. பிறகு தட்டியது யார்? டிரைவர் சங்கையா கண்ணாடியில் பார்த்தான். பின்னால் ஈ காக்கை இல்லை.

இராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் மதுரை, தென்காசி வண்டிகளுக்கு நடுவாந்திரமாகத் தாராள இடம். சங்கையா ஓட்டும் மம்சாபுரம் டவுன் பஸ்ஸுக்கு வாய்த்தது கக்கூஸ் சுவரை ஒட்டிய மூலை. மூத்திர வாடையும் போண்டா எண்ணெய்ப் புகையும் டீசலும் கலந்து குமட்டுகிற அந்தச் சந்துக்குள் வண்டியைப் பின்பக்கமாகத்தான் விட வேண்டும். பின்னால் நிற்பவர் ரெண்டு தட்டு தட்டினால் வரலாம், ஒரு தட்டு என்றால் நிறுத்த வேண்டும். வருஷக்கணக்காக அங்கே நின்று தட்டியவன் சுமைக்காரன் மலைச்சாமி.

போன மழைக்காலத்தில், ஒரு தட்டு கேட்டும் சங்கையா நிறுத்தவில்லை. டீ குடிக்கிற அவசரம், வேறென்ன! மலைச்சாமி சுவரோடு சுவராக நசுங்கிப்போனான். அவன் ரெண்டு தட்டியதால்தான் வந்தேன் என்று விசாரணையில் கூசாமல் சொன்னான் சங்கையா. பழி செத்தவன் தலையிலேயே விழுந்தது. மலைச்சாமி பெண்டாட்டி பிச்சையம்மாள் மட்டும் ஸ்டாண்டுக்கே வந்து சங்கையாவை மறித்தாள்.

"அவிய ஒரு தட்டுதான தட்டுனாக?"

"ரெண்டு" என்றான், அவள் கண்ணைப் பார்த்தே. பாவி.

"அப்ப ஒனக்கு இனிமே அந்த ரெண்டுதான் கேக்கும்."

இன்றைக்குப் பொழுது மங்குகிற நேரம், மில் விட்ட கூட்டம், தூறல் வேறு. சங்கையாவின் மனைவி ரத்தினம் ராச்சாப்பாட்டுத் தூக்குவாளியோடு டீக்கடை வாசலில் நிற்பாள். காணவில்லை. மழைக்கு எங்காவது ஒதுங்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். வேல்சாமி இறங்கிப் பின்னால் போனான். சங்கையா ரிவர்ஸ் கியரைப் போட்டான்.

டப் டப்.

வண்டி ஊர்ந்தது. கண்ணாடியெல்லாம் மழைநீர். வியர்வையும் பீடியும் கலந்த வாடை, மலைச்சாமி பக்கத்தில் வந்தால் அடிக்குமே அதே வாடை, சங்கையாவின் பிடரிக்குப் பின்னால் அடித்தது. நிறுத்திவிடலாம். டப் டப். நிதானமான தட்டு. பழகின கை. கால் பிரேக்குக்குப் போகவில்லை. டப் டப். இன்னும் கொஞ்சம். டப் டப்.

ஏதோ தடுத்தது. மெத்தென்று.

எஞ்சினை அணைத்துவிட்டுக் குதித்து ஓடினான். வேல்சாமி உள்ளங்கை சிவக்க நின்றுகொண்டிருந்தான்.

"ஒரு தட்டுதானண்ணே தட்டுனேன். எம்புட்டுக் கத்துனேன். கேக்கலியா?"

சுவருக்கும் வண்டிக்கும் நடுவே, கக்கூஸ் கூரை விளிம்புக்குக் கீழே மழைக்கு ஒதுங்கி நின்ற ரத்தினம். நசுங்கிய தூக்குவாளியை இன்னும் விடாத கை. விரல்கள் அசைந்தன. உயிர் இருந்தது.

"ரெண்டுலே" என்றான் சங்கையா. "ரெண்டுதாம்லே கேட்டுச்சு."

இந்தத் தடவை சத்தியமாகத்தான் சொன்னான். ஒருத்தரும் நம்பவில்லை.

வண்டியை முன்னால் தள்ள எல்லாரும் ஓடினார்கள். டிரைவர் சீட்டில் ஆள் இல்லை. தகரத்தின் மேல் யார் கையும் இன்னும் படவில்லை.

டப் டப்.

வண்டி பின்னால் நகர்ந்தது.