பச்சை விளக்கு நாச்சிமுத்து

நாச்சிமுத்து கக்கூஸிலிருந்து வெளியே வந்ததும் ஊரே கைதட்டியது. கதவுக்கு மேலே குடல்காட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

கைதட்டாமல் நின்றவள் கிராம நர்ஸ் பொற்கொடி மட்டும்தான். வெள்ளிக்கிழமை வரை அந்த வயிற்றைக் காப்பாற்றும் வேலை அவளுடையது.

கரட்டுவலசில் எல்லா வீட்டுக் கழிப்பறையிலும் குடல்காட்டி மாட்டியாகிவிட்டது. எந்த மருந்துக்கும் மசியாத மசியாக்கிருமி குடலில் இருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. பண்ணைக் கோழிகளுக்கு வருஷக்கணக்காகக் கொடுத்த மருந்து அந்தக் கிருமியை வளர்த்துவிட, அது எருவோடு வயலுக்கும் கிணற்றுக்கும் போய், கடைசியில் ஊர்க்காரர்கள் வயிற்றில் வந்து குடியேறியிருந்தது. ஊர் முழுக்கச் சிவப்பு. ஊரை ஒட்டிய கரட்டுக் குன்றின் மேல் குடியிருந்து ஆடு மேய்க்கும் நாச்சிமுத்து மட்டும் தப்பித்தார். ஊசியென்றால் பயம், கோழி வாங்கக் கஞ்சத்தனம். இந்த இரண்டு குணங்களுக்காகத்தான் இப்போது கைதட்டல்.

பொற்கொடியின் கணவர் கந்தவேலுக்குப் பித்தப்பையில் கல். அவரும் கோழிப்பண்ணைக்காரர்தான். "குடல்நாத்து நடாம நான் கத்தியத் தொட மாட்டேன். உள்ள சீழ் புடிச்சா எங்கிட்ட மருந்தே இல்லம்மா" என்று டாக்டர் சொல்லிவிட்டார். பச்சை விளக்குக்காரரின் மலத்திலிருந்து நல்ல நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்து நோயாளியின் குடலில் நடுவதுதான் குடல்நாற்று. அது வேர்பிடித்துவிட்டால் மசியாக்கிருமிக்கு உட்கார இடம் இருக்காது. நாச்சிமுத்துவிடமிருந்து நாற்று எடுக்க வெள்ளிக்கிழமை நாள் குறித்திருந்தது.

வேலை சுலபம். நாச்சிமுத்து வழக்கம்போல் களி தின்றுகொண்டிருந்தால் போதும். ஆனால் உயிர் கொடுக்கப்போகிற மனுஷனை வெறும் களியோடு விட ஊருக்கு மனசு வரவில்லை. பலகாரம் நிறைந்த தூக்குப்போசிகள் வரிசையாகக் கரடு ஏறின.

"அவருக்கு யாரும் எதுவும் குடுக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லியா?"

"கோழி குடுக்கக் கூடாதுன்னுதானுங்க சொன்னீங்க. இது ஒப்புட்டு."

"அப்ப அந்தப் போசியில?"

"கச்சாயமுங்க. வெறும் பலகாரம்."

பொற்கொடி தலையில் கை வைத்துக்கொண்டாள். நாச்சிமுத்து வாய் நிறைய ஒப்புட்டோடு சமாதானம் சொன்னார். "நானா கேட்டேன் நர்சம்மா? வேண்டாம்னா அவியளுக்கு மனசு நோவுமில்லீங்களா?"

புதன்கிழமை அவருக்கு வயிறு பிய்த்துக்கொண்டு போயிற்று. நல்லவேளை, விளக்கு இன்னும் பச்சைதான்.

"உப்பும் சக்கரையும் போட்ட தண்ணி, கஞ்சி. மருந்து கிருந்துன்னு வேற ஒண்ணும் வாயில வெக்காதீங்க. தானா நிக்கும். புரியுதுங்களா?"

"புரியுதுங்க."

சுற்றி நின்ற எல்லோருக்கும் அவரவர் விதத்தில் புரிந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் குளிர்ப்பெட்டியோடு கரடு ஏறினாள். யாரும் கைதட்டவில்லை. குடல்காட்டி சிவப்பாக எரிந்தது. ஒருவர் அதன் பக்கவாட்டில் தட்டிப் பார்த்தார். அது சிவப்பாகவே இருந்தது.

"வயிறு நின்னுபோச்சுங்க நர்சம்மா!" நாச்சிமுத்து மட்டும் உற்சாகமாக இருந்தார். "இப்பக் கல்லாட்டம் இருக்குது."

"எப்பிடி நின்னுச்சு?"

"நேத்து உங்க வீட்டுக்காரருதான் மோர்ல ஏதோ பவுடரக் கலக்கிக் குடுத்தாருங்க. தங்கமான மனுசன்."

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒப்புட்டோடும் ஊரார் கைகளோடும் உள்ளே போன மசியாக்கிருமி இத்தனை நாள் இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தது. அந்தப் பவுடரால் நல்ல கிருமிகளையெல்லாம் கொன்று, கந்தவேல் அதற்கு இடம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டார்.

வீட்டில் கந்தவேல் விலாவைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்படத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

"என்னத்தங்க குடுத்தீங்க அவருக்கு?"

"குஞ்சுக்குச் சளி புடிச்சாத் தண்ணியில கலக்குவமே, அந்தப் பவுடருதான். ஒரே ஒரு சிட்டிக. வெள்ளிக்கெழமைக்குள்ள அவனத் தேத்த வேண்டாமா? நம்ம உசுரு அவன் வயித்துலதான இருக்குது!"

"மருந்து குடுக்கக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னனே!"

"அது மனுசங்க மருந்து அம்மணி. இது கோழி மருந்து. இத்தன வருசத்துல எந்தக் கோழியாவது ஒரு கொற சொல்லியிருக்குமா?"

பொற்கொடி காலிக் குளிர்ப்பெட்டியைக் கீழே வைத்தாள். எதையும் சொல்வதற்கு முன் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கொதித்தது.

"ராத்திரியிலிருந்தே லேசாக் காச்சல்" என்றார் கந்தவேல், அலமாரியிலிருந்த பவுடர் டப்பாவை எட்டி எடுத்தபடி. "மோர் மிச்சமிருக்குதா பாரு."