உயர்திணைப் பன்மை

தையற்காரம்மா அந்த வார்த்தையைத் திருப்பிச் சொல்லவில்லை. அதற்குப் பதில் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றேகால் மணி. காது மூக்கு தொண்டை டாக்டரின் கிளினிக்கில், நடையின் கோடியில் இருந்த செவிச் சோதனை அறையில், இயந்திரத்துக்கு முன்னால் அவன் உட்கார்ந்திருந்தான். இரட்டைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒலி புகாத பெட்டிக்குள், தையற்காரம்மா ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெட்டி என்றால் ஓர் ஆள் இருக்கும் அளவுக்கு ஒரு குட்டி அறை: சுவரெல்லாம் சாம்பல் நிறப் பஞ்சு, ஒற்றை நாற்காலி, அரையடி கனத்தில் ஒரு கதவு. இவன் மைக்கில் ஒரு சொல் சொல்ல வேண்டும், உள்ளே இருப்பவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். கிளிப்பிள்ளை வேலை. அதைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியாத ஜனங்களைப் பதினாறு வருடமாகப் பார்த்து அவனுக்குச் சலித்துப்போயிருந்தது.

“மரம்.”

“மரம்.”

“பாதை.”

“பாவை.”

தப்பு. குறித்துக்கொண்டான். அடுத்து, தன் வழக்கப்படி, எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒன்றை நடுவில் சொருகினான்.

“ஹோமி.”

“த்ரேவஸே” என்றாள் தையற்காரம்மா, ஊசியில் நூல் கோக்கிற நிதானத்துடன்.

அவன் பேனா நின்றது. பேச்சுப் பொத்தானை அழுத்தி, “என்ன சொன்னீங்க?” என்று கேட்டான்.

“நீங்க சொன்னதத்தான் தம்பி சொன்னேன். தப்பா?”

“தப்புதான்” என்றான். வேறென்ன சொல்வது? ‘ஹோமி’ என்றால் ‘எங்கே’. ‘த்ரேவஸே’ என்றால் ‘பின்னால் நிற்கிறார்’. இதைத் தெரிந்தவர் உலகத்தில் ஒருவர்தான். அந்த மொழியை உண்டாக்கியவனே அவன்தான்.

கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டுக் கூடத்தில் தொடங்கிய பொழுதுபோக்கு அது. சுற்றி உட்கார்ந்து மைத்துனன்மாரும் சகலைகளும் மனை விலை பேசிக்கொண்டிருக்க, இந்தக் கூட்டத்தோடு ஒரே மொழியைப் பங்கு போட்டுக்கொள்வதே எச்சில் தட்டில் சாப்பிடுவது போல அவனுக்கு அருவருத்தது. அன்றைக்கே ஒரு காகிதத்தில் முதல் பத்துச் சொற்களைப் போட்டான். இப்போது ஏழு நோட்டுப் புத்தகம், மூவாயிரத்துச் சொச்சம் சொற்கள், தனி எழுத்து, தனி இலக்கணம். முட்டாள் என்பதற்கு மட்டும் அறுபத்துநான்கு சொற்கள்: கேள்வி கேட்கும் முட்டாளுக்கு ஒன்று, தலையாட்டும் முட்டாளுக்கு ஒன்று, போகும்போது நன்றி சொல்லும் முட்டாளுக்கு ஒன்று. மனைவி பேசுவதற்கும் குழாய் ஒழுகுவதற்கும் ஒரே வினைச்சொல்.

அவன் மிகவும் பெருமைப்பட்டது திணைப் பிரிவில்தான். உயர்திணை, அஃறிணை என்று அவன் மொழியிலும் இரண்டு உண்டு. அஃறிணையில் நாற்காலி, நாய், டாக்டர், மனைவி, மைத்துனன்மார், மொத்த ஊர் எல்லாம் அடக்கம். அவற்றின் வினைகள் குட்டையில் கல் விழுந்த மாதிரி ‘லுப்’ என்று முடியும். உயர்திணை வினைகள் ‘ஸே’ என்று முடியும். உயர்திணையில் ஒரே ஆள். அவன். அதனால் அதற்குப் பன்மை வைக்கவில்லை. எதற்கு?

சோதனையில் தன் சொற்களைக் கலந்துவிடுவது அவனுடைய தனிச் சந்தோஷம். ஊர்ப்பட்ட வாய்கள் தன் சொல்லைக் கவ்வத் தெரியாமல் கவ்வித் துப்புவதைப் பார்த்து உள்ளுக்குள் சிரிப்பான். செவிடன் காதில் ஊதுகிற சங்குதானே, எந்தச் சங்காக இருந்தால் என்ன? பாவம், அதனால் அவர்களுடைய அறிக்கையில் ஒரு புள்ளி குறைந்துபோகும். அதைப் பற்றி அவன் கவலைப்பட்டதே கிடையாது.

தற்செயல் என்று அன்றைக்கு முடிவு கட்டினான். பாவை என்று கேட்ட காது எதையும் கேட்கும்.

மறுநாள் லாரி டிரைவர் ஒருவர் வந்தார். இடது காது இன்ஜின் பக்கமாகவே இருந்து தேய்ந்துபோனவர். பெட்டிக்குள் நுழைந்ததும் டீசலும் வியர்வையும் பழைய சிகரெட்டும் கலந்த நெடி அந்தப் பஞ்சுச் சுவரில் ஏறிக்கொண்டது. அவன் மூக்கைச் சுளித்தபடி கதவை அடைத்தான். பன்னிரண்டு சொற்கள் ஒழுங்காகப் போயின. பதின்மூன்றாவதாக, குரலில் எந்த மாற்றமும் காட்டாமல், “ஹோமி” என்றான்.

“த்ரேவஸேன்” என்றார் டிரைவர்.

நேற்றுக் கேட்ட அதே சொல் இல்லை இது. கடைசியில் ஓர் ‘ன்’ ஒட்டியிருந்தது. அப்படியொரு விகுதியை அவன் வைக்கவில்லை. ஆனால் வைத்திருந்தால் அப்படித்தான் வைத்திருப்பான். அஃறிணைக்கு ஒருமை ‘லுப்’, பன்மை ‘லுப்பன்’. அதே விதிப்படி, துளி பிசகாமல், யாரோ உயர்திணைக்கும் பன்மை போட்டிருந்தார்கள்.

பின்னால் நிற்கிறார்கள்.

அவன் திரும்பிப் பார்த்தான். அலமாரி, நாட்காட்டி, மூடிய கதவு, கதவில் தொங்கிய அவன் குடை. அவ்வளவுதான்.

யாரோ நோட்டைத் திருடிப் படித்திருக்கிறார்கள் என்றது புத்தி. வீட்டில் இருக்கும் ‘யாரோ’ ஒருத்திதான். கிளினிக் இருந்த கட்டடத்திலேயே கீழே மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவி, அன்று சாயங்காலம் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“என் நோட்ட எடுத்தியா?”

“எந்த நோட்டு?”

“எதுன்னு உனக்குத் தெரியும்.”

அவள் கத்தியை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “அந்தக் கோழி கிண்டின எழுத்தா? ஒரு தடவை பார்த்தேன், தல சுத்துச்சு, வச்சுட்டேன். ஏங்க, உங்க பாஷைய எடுத்து நான் என்ன பண்ணப்போறேன்? எனக்குத் தெரிஞ்ச பாஷையிலயே இந்த வீட்ல என்கிட்ட பேச ஆள் இல்ல.”

ஒழுகுகிறது என்று அவன் தன் மொழியில் மனத்துக்குள் சொல்லிக்கொண்டு வெளியே வந்துவிட்டான். வழக்கமாக அந்த வினைச்சொல் அவனுக்கு ஒரு சின்னச் சிரிப்பைக் கொடுக்கும். இன்றைக்குக் கொடுக்கவில்லை.

வியாழக்கிழமை பதினொரு பேர் வந்தார்கள். அவன் தன் சொல் எதையும் வாயிலெடுக்கவில்லை. எல்லாரும் மரத்தை மரம் என்றார்கள், கதவைக் கதவு என்றார்கள். ஒவ்வொரு சரியான பதிலுக்கும் அவன் நிம்மதிப் பெருமூச்சு விட்டதும், அந்த நிம்மதி அவனையே கேவலப்படுத்தியதும் அவனுக்கு மட்டும்தான் தெரியும். கிளிப்பிள்ளைகள் கிளிப்பிள்ளைகளாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளும் நிலைக்கு வந்திருந்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு வெல்டர் வந்தார்.

அறுபது வயதிருக்கும். கைகளில் தீப்பொறி தெறித்த தழும்புகள். நாற்பது வருட இரும்புச் சத்தத்தில் இரண்டு காதும் அவிந்துபோயிருந்தன. மகள் எழுதிக் காட்டிய சீட்டைப் படித்துவிட்டுப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்தார். அவன் ஒலியைக் கூட்டிக்கொண்டே போனான். அறுபது டெசிபல், எண்பது, நூறு, இயந்திரம் தரக்கூடிய கடைசிவரை. ஒலி கேட்டால் அழுத்த வேண்டிய பொத்தான்மேல் வெல்டரின் கட்டைவிரல் அசையாமல் கிடந்தது. கட்டை மாதிரி செவிடு. இவருக்குச் சொல் சோதனை வைப்பது எருமைமேல் மழை பெய்வது போலத்தான். படிவத்தில் ஒரு கோடு போட்டால் முடிந்தது.

ஆனால் அவன் கை தானாக ஒலியைப் பூஜ்யத்துக்குத் திருப்பியது. அது போதாதென்று மைக்கையும் அணைத்தான். சிவப்பு விளக்கு அவிந்தது. அறையில் குளிர்சாதனத்தின் முனகல் ஒன்றுதான். உதட்டுக்கு வெளியே வந்ததா இல்லையா என்று அவனுக்கே தெரியாத குரலில், அவன் மொழியில், கேட்டான்: “யார்?”

வெல்டர் நிமிர்ந்தார். அந்த முகத்தில் ஒரு பணிவு வந்தது. பெரிய மனிதர்கள் அறைக்குள் வந்தால் சாமானியர்களுக்கு வருமே, அந்தப் பணிவு. அது இவனுக்கானது இல்லை. அவர் கண்கள் இவன் தோளுக்கு மேலாகப் பார்த்தன.

“அவர்கள்” என்றார். அதே மொழியில், ‘ன்’ போட்டு.

“எத்தனை பேர்?”

வெல்டர் ஒரு விரலை நீட்டி எண்ணத் தொடங்கினார். இவன் மொழியில். ஒன்று. இரண்டு. மூன்று. விரல் மெல்ல இடமிருந்து வலமாக நகர்ந்தது. ஏழு. எட்டு. அவன் மொழியில் பன்னிரண்டுவரைதான் எண் உண்டு. அதற்குமேல் எண்ணத் தகுந்தது எதுவும் உலகத்தில் இல்லை என்று விட்டிருந்தான். பத்து. பதினொன்று. பன்னிரண்டு.

வெல்டர் நிறுத்தவில்லை.

அடுத்த எண் வந்தது. அதற்கடுத்தது. அவன் வைக்காத பெயர்கள். எல்லாம் விதிப்படி. எல்லாம் சரியாக. ஒரு பிழை கிடையாது. பிழை திருத்தப் பிறந்தவனுக்கு ஒரே ஒரு பிழை அகப்படவில்லை.

கழுத்தின் பின்பக்கம் ரோமம் அசைந்தது. காற்று இல்லை. மூச்சு. பல மூச்சுகள்.

அவன் திரும்பவில்லை. எழுந்து ஓடினான்.

வரவேற்பில் இருந்த பெண் தலையைத் தூக்கினாள். காத்திருந்த ஐந்தாறு பேரும் பார்த்தார்கள். “என் ரூம்ல யாரோ இருக்காங்க, போலீஸக் கூப்பிடு” என்று அவன் கத்தினான்.

“சார்? என்ன சார் சொல்றீங்க?”

மறுபடி சொன்னான். அவள் முகம் கோணியது. “சார், ஒண்ணுமே புரியல சார். எந்த பாஷை இது?”

அப்போதுதான் அவன் காதில் அவன் குரல் விழுந்தது. வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது அவன் மொழி. தமிழில் ஒரு சொல்லைத் தேடினான். தண்ணீர் என்று சொல்லப் பார்த்தான். அம்மா என்று சொல்லப் பார்த்தான். நாக்கு அந்தப் பக்கம் மடங்கவே இல்லை. ‘நான் பயப்படுகிறேன்’ என்று அவன் மொழியில் வந்தது, ‘லுப்’ என்று முடிந்தது. நாற்காலியோடு சேர்த்து. நாயோடு சேர்த்து. தன்னைப் பற்றி அப்படிச் சொல்ல அவன் நினைக்கவே இல்லை. வாய்க்கு அதுதான் சரியென்று பட்டது.

“டாக்டர்!” என்று அந்தப் பெண் உள்ளே பார்த்துக் கத்தினாள். “கீழ மருந்துக்கடைல அவங்க வீட்டம்மாவ யாராவது கூப்பிடுங்களேன்!”

நடையின் கோடியிலிருந்து எண்ணும் குரல் நெருங்கிவந்தது. வெல்டரின் குரல். பிறகு, காத்திருந்தவர்களில் ஒருவர் உதடு அசைந்தது. இன்னொருவருடையது. தங்கள் வாய் அசைவதே தெரியாமல் அவனைப் பரிதாபமாகப் பார்த்தபடியே, அடுத்த எண்ணை, அதற்கடுத்த எண்ணை அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சத்தம் இல்லாத இடம் ஒன்றுதான் அந்தக் கட்டடத்தில் இருந்தது.

வெல்டரைத் தள்ளிவிட்டுச் சோதனை அறைக்குள் பாய்ந்தான். பெட்டிக்குள் புகுந்தான். அரையடிக் கதவை இழுத்துச் சாத்தி, உள்கொண்டியைப் போட்டான்.

நிசப்தம்.

பஞ்சுச் சுவர்கள் எல்லாவற்றையும் விழுங்கின. எண்ணிக்கை நின்றது. தன் ரத்தம் காதுக்குள் ஓடுவது மட்டும் கேட்டது. ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஹெட்ஃபோனை இழுத்து மாட்டிக்கொண்டான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மனைவி ஓடிவந்தாள். மருந்துக்கடை மேலங்கியோடு. மைக்குக்கு முன்னால் குனிந்து ஏதோ பேசினாள். ஒன்றும் கேட்கவில்லை. பொத்தானை அழுத்த வேண்டும் என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அவன் கையைக் காட்டினான். அந்தப் பொத்தான். சிவப்பு. அழுத்து. அவளுக்குப் புரியவில்லை. அவள் வாய் அசைந்துகொண்டே இருந்தது. பத்தொன்பது வருடம் அவன் கேட்காமல் விட்ட வாய். ஏங்க என்கிறாளா? கதவைத் திற என்கிறாளா? ஒரு சொல். ஒரே ஒரு சொல் கேட்டால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிடலாம். கண்ணாடியில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துக் கெஞ்சினான்.

அவள் வாய் நின்றது.

அவள் அவனைப் பார்க்கவில்லை. அவள் பார்வை அவன் தலைக்கு மேலே ஏறியது. அங்கே சற்று நின்றது. வலப்பக்கம் நகர்ந்தது. நின்றது. இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. இயந்திரத்தில் இடித்துக்கொண்டு ஓரடி பின்னால் போனாள்.

அவன் மூச்சை அடக்கிக்கொண்டான்.

கண்ணாடியின் உட்புறத்தில், அவன் முகத்துக்கு வெகு உயரத்தில், ஆவி படிந்தது. ஒரு சின்ன வட்டம். அதன் பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. ஒவ்வொன்றும் மெல்ல விரிந்தது, சுருங்கியது, விரிந்தது. ஒன்றோடொன்று சேர்ந்து வெண்மையாகக் கீழே இறங்கின. முதலில் அவள் நெற்றி மறைந்தது. பிறகு கண்கள். கடைசியாக, அலறிக்கொண்டிருந்த அவள் வாய்.