மடைச்சுவர்

கால்வாயும் கரையும் கைவண்டிகளும் உறைபனியில் ஒரே வெள்ளையாகக் கிடந்தன. ஆனால் படகு மடையின் அடியில், வடக்குச் சுவரோரமாக, ஓர் ஆள் படுக்கும் அளவுக்குச் சேறு மட்டும் உறையாமல் மெல்ல ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

மேலே கரையில் டீ போட்டுக்கொண்டிருந்த ஜோஸ்லின் அதைப் பார்த்தாள். யாரிடமும் சொல்லவில்லை. போன குளிர்காலத்தில் அவள் கணவன் எட்வின் செத்துக் கிடந்த இடம் அது.

ஆங்கிலேய நாட்டுப்புறமான ஷ்ராப்ஷைரில் நூறு வருஷமாகத் தூர்ந்து கிடந்த அந்தக் கால்வாயைச் சனிக்கிழமைதோறும் ஊர்க்காரர்கள் சம்பளமில்லாமல் சீர்செய்து வந்தார்கள். படகுகளை மேல்மட்டத்துக்கும் கீழ்மட்டத்துக்கும் ஏற்றி இறக்குகிற ஆழமான தொட்டிதான் மடை; அதில் தண்ணீரை இறைத்துவிட்டு, அடிச்சேற்றை வாரி, பழைய செங்கல் சுவரைப் புதுப்பிக்கிற வேலை. போன ஜனவரியில் அந்தச் சுவர் எட்வின் மேல் சரிந்தது. தாங்கி நின்ற முட்டுகளை எட்வினே எடுத்துவிட்டான் என்று விசாரணையில் சொன்னார் குழுத்தலைவர் டெஸ்மண்ட். முட்டுகளை வேறு வேலைக்கு இழுத்துக்கொண்டு போனது டெஸ்மண்ட்தான். எட்வின் அன்று மதியம் அதைச் சொல்லிப் போனில் புலம்பியது அவளுக்கு மட்டும் தெரியும். அவள் சொன்னதை யாரும் நம்பவில்லை. அதற்குப் பிறகும் அவள் ஒரு சனிக்கிழமை தவறாமல் வந்தாள். டெஸ்மண்டுக்கும் டீ ஊற்றிக் கொடுத்தாள். சர்க்கரை போட்டுக் கலக்கும்போதெல்லாம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் பனி தூறத் தொடங்கியது.

“இந்தக் குளிர்ல சாந்து எங்க பிடிக்கப்போகுது?” என்று கையுறையைக் கழற்றினாள், கல் கட்ட வந்திருந்த பிரென்டா. “என் மூக்கே கழண்டு விழுந்துடும்போல இருக்கு. நான் கிளம்பறேன் டெஸ்மண்ட். நீங்களும் ஏறி வாங்க.”

“போங்க, போங்க. வெயில் வந்தா மட்டும் வர்ற ஆளுங்க!” என்று கீழிருந்து சிரித்தார் அவர். “சுவருக்குப் பின்னால வடிகுழாய் அடைச்சிருக்கு. ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன். ஜோஸ்லின், நீங்க மேல இருப்பீங்கல்ல?”

“இருப்பேன்.”

கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. சரிந்த சுவரில் இன்னும் மூடப்படாத பொந்துக்குள் டெஸ்மண்ட் தவழ்ந்து நுழைந்தார். விளக்கொளி உள்ளே போய் மங்கியது. பாசியும் பழைய சுண்ணாம்பும் சேறும் கலந்த நாற்றம் மேலே எழுந்தது. தண்ணீர் இறைக்கிற பம்பு முனகிக்கொண்டிருந்தது, அதன் முனகலுக்கு அடியில் இன்னொரு சத்தம், கல்லின் மேல் இரும்பு உரசுகிற சத்தம், அவசரமில்லாமல், விட்டு விட்டுக் கேட்டது.

கொத்துக்கரண்டி.

டெஸ்மண்டின் கொத்துக்கரண்டி அவள் காலடியில் வாளிக்குள் இருந்தது.

விளிம்புக்குப் போய்க் குனிந்து பார்த்தாள். பொந்தின் வாயில் ஒரு வரிசை செங்கல் புதிதாக ஏறியிருந்தது. அவள் பார்க்கப் பார்க்க அடுத்த வரிசை ஏறியது. இருட்டில் குனிந்த ஒரு முதுகு. தோளெல்லாம் சேறு.

“யாரு? பிரென்டாவா?” உள்ளிருந்து டெஸ்மண்டின் குரல். “விளையாடாதீங்கம்மா. வெளிச்சத்தை மறைக்கிறீங்க.”

குனிந்த முதுகிலிருந்து ஓர் இருமல் மட்டும். முப்பது வருஷம் பக்கத்துத் தலையணையில் கேட்ட இருமல்.

ஜோஸ்லின் கையில் போன் இருந்தது. ஓர் அழைப்புப் போதும்.

“ஜோஸ்லின்! யாரோ அடைக்கிறாங்க! ஐயோ, ஜோஸ்லின்!” உள்ளே கைகள் கல்லில் அடித்தன. “நான்தான்! அந்த முட்டுங்களை நான்தான் எடுத்தேன்! எல்லார்கிட்டயும் சொல்லிடறேன், தயவுசெஞ்சு!”

அவள் போனைச் சட்டைப்பைக்குள் போட்டாள்.

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, டெஸ்மண்ட்.”

தன் குரல் இவ்வளவு சாந்தமாக வந்தது அவளுக்கே பயமாக இருந்தது. நெஞ்சுக்குள் ஒரு வருஷமாகக் கிடந்த எரிச்சல் சூடான டீயைப்போல இதமாக இறங்கியது. கீழே இன்னொரு வரிசை. இன்னொன்று. விளக்கொளி ஒரு கீற்றானது. பிறகு அதுவும் இல்லை. அலறல் சுவருக்குப் பின்னால் போய், முணுமுணுப்பாகி, அடங்கியது.

பம்பு நின்றது.

“முடிஞ்சுதா, எட்வின்?” என்றாள். கண்ணில் நீர். “வா. வீட்டுக்குப் போகலாம்.”

குனிந்திருந்த முதுகு நிமிர்ந்தது. திரும்பியது. ஏணியில் ஏறியது.

படி. படி. படி.

விளிம்புக்கு மேலே முகம் வந்தது. சுவர் நசுக்கிய முகம். கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் களிமண். அது அவளைப் பார்க்கவில்லை. தன் பெயரைக் கேட்டதாகவோ, அவளை அறிந்ததாகவோ எந்த அடையாளமும் இல்லை.

“எட்வின், நான்தான்பா.”

பின்வாங்க முயன்றாள். பூட்ஸ் தரையோடு உறைந்திருந்தது. வலது கால் வரவில்லை. இடது காலும்.

அது அவள் முன்னால் மண்டியிட்டது. இருமியது. கக்கத்திலிருந்து ஒரு செங்கல்லை எடுத்து அவள் பாதத்தை ஒட்டி வைத்து, வெதுவெதுப்பான சாந்தை விரலால் பக்குவமாக வழித்துவிட்டு, அடுத்த கல்லுக்குக் கை நீட்டியது.