கருவாயன் குடித்த தண்ணீர்

விதைப்பு விழாவின் முதல் உழவை முடித்த மன்னர், ஏர்மேழியை விட்டுவிட்டு ஒதுங்கினார். இனி எல்லாம் கருவாயன் பாடு. அந்த அரண்மனைக் காளை தன் முன் வைத்த மூன்றில் எதில் வாய் வைக்கிறதோ, அதை வைத்துத்தான் மருதநாட்டின் இந்த வருட விதைப்பு. எள் என்றால் வறட்சி. நெல் என்றால் அளவான மழை. தண்ணீர் என்றால் ஆறு கொள்ளாத மழை, வயலெல்லாம் நெல்.

ஊர் நம்புவது காளையை. முடிவு சொல்வதோ அரண்மனைக்குள் இருக்கும் மழைக்கணிப்பி இயந்திரம். முன்பு ஒருமுறை கணிப்பியின் பேச்சை நேராகவே சொல்லிப் பார்த்தார்கள். யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? அதனால்தான் காளையின் மூளையில் ஓர் ஆசைத்தூண்டிக் கருவி. மாட்டு வைத்தியர் தவமணி விசையை அழுத்தினால், வேண்டிய தட்டின்மேல் அதற்கு ஆசை வரும்.

இந்த வருடம் கணிப்பி சொன்னது வறட்சி. நெல் போட்டால் கருகிவிடும். நாற்றங்காலை உழுது போட்டுவிட்டு, தவமணியின் தம்பி வேலப்பன் கூட்டத்தின் முன்வரிசையில் நின்றான். அவனிடம் மிச்சமிருப்பது விதைநெல் மட்டும்தான். தவமணி எள்ளுக்கான விசையை அழுத்தினாள்.

கருவாயன் எள்ளை முகர்ந்தது. பிறகு திரும்பி, தொட்டித் தண்ணீரை மடமடவென்று உறிஞ்சியது.

எள் ருசி பழகட்டும் என்று நேற்று உப்புப் போட்ட எள்ளுப் புண்ணாக்கை அள்ளி அள்ளி வைத்தவள் தவமணிதான். அதன்பின் விழாவரை காளைக்குத் தண்ணீர் காட்டமாட்டார்கள் என்பதைப் பாழாய்ப்போன பதற்றத்தில் மறந்துவிட்டாள். தாகத்தை எந்தத் தூண்டி அடக்கும்?

ஒலிபெருக்கியைப் பிடுங்கினாள்.

“நம்பாதீங்க. இத்தனை வருஷமா மாட்டை ஆட்டி வெச்சது நான்தான். அது மூளையில மிஷின் இருக்கு. இன்னைக்கும் எள்ளுக்குத்தான் அழுத்தினேன். மழை வராது, நெல்லு போடாதீங்க.”

வேலப்பன்தான் முதலில் பேசினான்.

“அப்போ இவ்வளவு நாளும் மிஷின்தான் சொல்லுச்சாக்கா?”

“ஆமாண்டா.”

“இன்னைக்கு மிஷினை மீறிக் குடிச்சிருக்கு.”

“தாகம்டா. நான் வெச்ச உப்புப் புண்ணாக்கு...”

அவன் கேட்கவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு காளையின் காலில் விழுந்தான். பின்னால் மொத்தக் கூட்டமும் விழுந்தது.

“இன்னைக்குத்தான்கா சாமியே வாய் திறந்திருக்கு,” என்றான், எழுந்து கண்ணைத் துடைத்தபடி. “பாதி விதையைப் பத்திரமா வெச்சிருக்கலாம்னு இருந்தேன். இனி என்ன பயம், போய் அத்தனையும் விதைக்க ஊறப் போட்டுடுறேன்.”