ஏழாம் பத்தி

வெண்டெல் ஸ்ட்ரவுட் கொடுக்க வேண்டிய தொகை அறுபத்து நான்கு டாலர் எழுபத்தைந்து சென்ட். அவர் எடுக்காத ஒரு புத்தகத்துக்கு.

திங்கட்கிழமை காலை 7.50. ஆல்டர் ஃபோர்க் தொடக்கப் பள்ளியின் பன்னிரண்டாம் அறையில், ஐந்தாம் வகுப்பு ஆசிரியை மிஸஸ் ஹாவர்சன் அலமாரிக் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றார். கதை வாசித்துக் கேள்விக்குப் பதில் எழுதும் பாடத்துக்கான ஆசிரியர் புத்தகத்தைக் காணவில்லை. நீல அட்டை போட்ட தடிப் புத்தகம். கதைகள், கேள்விகள், பின்பக்கத்தில் விடைகள், எல்லாம் அதில்தான்.

8.15. தலைமை ஆசிரியர் டில்மனின் அறை.

"கடைசியா எங்க வெச்சீங்க?"

"அலமாரியிலதான். வெள்ளிக்கிழமை மூணு மணிக்குப் பூட்டினேன். எப்பவும் அப்படித்தானே செய்வேன்."

"சாவி?"

"எங்கிட்ட ஒண்ணு. வெண்டெல்கிட்ட ஒண்ணு."

பதினேழு வருடங்களாக அந்தப் பள்ளியைக் கூட்டித் துடைப்பவர் வெண்டெல். கட்டடத்தைச் சூடாக்கும் கொதிகலனுக்கும் வாசலில் அள்ள வேண்டிய பனிக்கும் அவர்தான் பொறுப்பு. அவர் கதவோரமாகத் தொப்பியைக் கையில் பிடித்து நின்றார்.

"விடைக்காகப் பசங்கள்ல ஒருத்தன் எடுத்திருக்கணும். அவனுக்குத் திறந்து விட்டது யாருங்கறதுதான் கேள்வி" என்றார் டில்மன். ஒரு தாளை மேசைமேல் நகர்த்தினார். "புத்தக விலையை வெள்ளிக்கிழமைச் சம்பளத்துல பிடிச்சுக்கறோம். சாவிக்கொத்தையும் ஒப்படைச்சிடுங்க. இங்க ஒரு கையெழுத்து."

சாவிக்கொத்தைத் திருப்பிக் கொடுத்தவனுக்கு அந்தக் கட்டடத்தில் வேறு வேலை கிடையாது. அறுபத்தோரு வயதில் வேறு கட்டடமும் கிடையாது.

"படிச்சுட்டுப் போடறேன் சார்."

"நான் சொன்னதுதாங்க அதுல இருக்கு."

"இருக்கட்டும். படிச்சுக்கறேன்."

ஆள்காட்டி விரலை வரிக்குக் கீழே வைத்து மெல்ல நகர்த்தினார். அவர் எழுத்துப் படித்தபோது வயது ஐம்பத்து மூன்று. நூலகத்தின் நிலவறையில் இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து கற்ற எழுத்து. டில்மன் இருமுறை கடிகாரத்தைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை மதியம் வரைக்கும் டைம் கொடுங்க" என்றார் வெண்டெல், கடைசியில்.

செவ்வாய் 10.30. வகுப்பில் டக்கர் என்ற பையன் மாட்டிக்கொண்டான். வீட்டுப்பாடத்தில் பத்துக்குப் பத்து வாங்கியது அவன் ஒருவன்தான். வராந்தாவில் தண்டனையாக நின்றவனிடம் வெண்டெல் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துக் கேட்டார்.

"நீ எடுத்தியா?"

"எங்கம்மாவைப் பார்த்திருக்கீங்களா மிஸ்டர் வெண்டெல்? பதில் தப்பா இருந்தா ரிமோட்டை ஃபிரீசர்ல ஒளிச்சு வெச்சிடுவாங்க. போன வாரம் ரிமோட் செத்தே போச்சு. அதுக்கப்புறம் பத்துக்குப் பத்து வராம என்ன வரும்?"

"பத்தி எண் எல்லாம் போட்டிருக்கியா?"

"போடாம விடுவாங்களா? இதோ, ஒண்ணுலேர்ந்து ஆறு வரைக்கும்."

அது மிஸஸ் ஹாவர்சனின் சட்டம். ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் பென்சிலால் எண் போட வேண்டும். ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில், அது எந்தப் பத்தியில் கிடைத்தது என்று எழுத வேண்டும். எண் இல்லாத பதிலுக்கு மதிப்பெண் இல்லை.

வெண்டெலுக்கும் அந்தச் சட்டம் தெரியும். பிள்ளைகள் குப்பைக்கூடையில் போடும் தாள்களில் கசங்காததாக ஒன்றை எடுத்துவைத்து, கொதிகலன் அறையில் ரொட்டி தின்றுகொண்டே வாசிப்பது அவர் வழக்கம். ஓரத்தில் எண்ணும் போடுவார். வீட்டில் பேச ஆளில்லாதவருக்கு அந்தக் கதைகள்தான் துணை. ஒரே குறை, எதற்கும் முடிவு இருக்காது. கேள்வி கேட்கப் போதுமான அளவுக்குக் கதை, அவ்வளவுதான். யார் யாரோ பாதி வழியில் அவர் தலைக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தார்கள்.

புதன் 12.10. அன்றைய தாளில் ஓபல் ரெயின்ஸ் என்று பெயர் இருந்தது. நவம்பரில் புதிதாகச் சேர்ந்த பெண். வெள்ளிக்கிழமை காலை நகலெடுத்துக் கொடுத்த வீட்டுப்பாடம். முதல் பக்கத்தில் கதை. உறைந்த ஏரிக்கரையில் ஒரு பையன். அவன் நாய் வாத்துகளைத் துரத்திக்கொண்டு பனிக்கட்டிமேல் ஓடி மறைகிறது. இருட்டும்வரை கூப்பிடுகிறான். அப்பா வந்து அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார். ஆறு பத்தி. அத்துடன் சரி. அதற்கும் கீழே, தாளின் அடிவிளிம்பில், எழுத்துகளின் தலை மட்டும் தெரிகிற ஒரு வரி அறுந்து கிடந்தது.

பின்பக்கத்தில் பதில்கள். எட்டாம் கேள்வி: கதையில் மிகவும் தனியாக இருப்பது யார்?

டக்கர் 'பையன், பத்தி 5' என்று எழுதியிருந்ததை வெண்டெல் வராந்தாவிலேயே பார்த்திருந்தார். ஓபல் எழுதியிருந்தாள்: 'நாய். அது திரும்பி வரும்போது கரையில் யாருமே இல்லை. பத்தி 7.'

அதன்மேல் சிவப்பு மையில் பெருக்கல் குறி. பக்கத்தில் மிஸஸ் ஹாவர்சனின் கையெழுத்து: 'ஆறு பத்திதான் இருக்கிறது. மறுபடி எண்ணிப் பார்!'

வெண்டெல் எண்ணினார். ஆறு. விரல் வைத்து இன்னொரு தரம் எண்ணினார். பிறகு அந்தத் தலை மட்டும் தெரிந்த வரியின்மேல் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். ரொட்டி காய்ந்துபோனது.

1.05. அலுவலகத்துக்கு எதிரே நகலெடுக்கும் மிஷின். மூடியைத் தூக்கிக் கண்ணாடியை அளந்தார். போன வெள்ளிக்கிழமை மதியம் இந்த மூடி ஏன் திறந்தே கிடந்தது? அன்றைக்கு அவர்தான் அதைச் சாத்திவிட்டுப் போனார். கண்ணாடிமேல் ஒன்றும் இருக்கவில்லை. மிஷினிலிருந்து நான்கு எட்டுத் தூரத்தில் ஒரு மரப் பெஞ்சு. சாப்பாட்டுக் கூடத்தில் பக்கத்தில் உட்கார ஆள் கிடைக்காத பிள்ளை ஒன்று தினமும் சாப்பிடுகிற பெஞ்சு.

வியாழன் 12.10. ஓபல் பெஞ்சின் ஒரு கோடியில் இருந்தாள். மடியில் டப்பா, உள்ளே ஆறிப்போன மக்கரோனி. வெண்டெல் மறுகோடியில் உட்கார்ந்து ரொட்டியைப் பிரித்தார்.

"திரும்பி வந்துச்சே அந்த நாய், அப்புறம் என்னம்மா பண்ணுச்சு?"

"பையனோட கையுறை கீழ கிடந்துச்சுல்ல, அதும்மேல படுத்துக்குச்சு" என்றாள்.

அப்புறம்தான் கரண்டி நின்றது.

"எங்கிட்ட இருக்கிற தாள்ல கையுறையே இல்லம்மா" என்றார் வெண்டெல்.

அவள் டப்பாவை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள். "நான் விடையைப் பார்க்கல. சத்தியமா பார்க்கல. டீச்சர் மிஷின்லயே புத்தகத்தை விட்டுட்டுப் போயிட்டாங்க. அந்த நாய் என்ன ஆச்சுன்னு மட்டும் பார்த்துட்டு வெச்சிடலாம்னு எடுத்தேன். பெல் அடிச்சிடுச்சு. பையில போட்டுட்டேன்."

"அப்புறம் ஏன் கொடுக்கல?"

"எல்லாக் கதைக்கும் முடிவு இருந்துச்சு."

வெண்டெல் தலையசைத்தார்.

"உங்க சம்பளத்துல பிடிக்கிறாங்களாமே. டக்கர் சொன்னான்."

"நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு."

"என்னை வேற ஸ்கூலுக்கு அனுப்பிடுவாங்களா? இது நாலாவது."

"தெரியலம்மா. பொய் சொல்ல மாட்டேன். ஆனா நீ தனியாப் போக வேண்டாம்."

வெள்ளி 11.40. டில்மன் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். மிஸஸ் ஹாவர்சன் ஜன்னலருகே நின்றார். வெண்டெல் உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் ஓபல், நெஞ்சோடு நீலப் புத்தகம்.

"எடுத்தது இந்தப் பொண்ணு" என்றார் வெண்டெல். "பூட்டைத் திறந்து எடுக்கல. புத்தகம் அலமாரிக்குத் திரும்பிப் போகவே இல்ல. டீச்சர் எப்பவும் பூட்டுவாங்க, அதனால அன்னைக்கும் உள்ள வெச்சுப் பூட்டினதாவே நினைச்சுக்கிட்டாங்க. புத்தகப் பக்கம் நீளம், மிஷின் கண்ணாடி சின்னது. அடியில ஒரு பத்தியே அறுந்துபோச்சு. வகுப்புல யாருக்கும் ஏழாம் பத்தி கிடையாது. இவளுக்கு மட்டும் இருந்துச்சு. 'பத்தி 7'னு தாள்லயே எழுதியிருக்கா."

"திருடினவ அதை ஏன் எழுதி வைக்கணும்?" என்றார் டில்மன்.

"பதில் எங்க கிடைச்சுதோ அதை எழுதணும்னு டீச்சர் சொல்லியிருக்காங்க. எழுதிட்டா. விடை வேணும்னு எடுத்திருந்தா, புத்தகத்துப் பின்பக்கத்துல இருக்கிறபடி 'பையன்'னு எழுதிப் பத்து வாங்கியிருப்பா சார்."

வெண்டெல் நீட்டிய வீட்டுப்பாடத் தாளை மிஸஸ் ஹாவர்சன் வாங்கினார். தான் போட்ட சிவப்புக் குறியைப் பார்த்தார். அதன் கீழிருந்த வாக்கியத்தை அப்போதுதான் முதல்முறையாக வாசித்தார். எண்ணைப் பார்த்ததோடு அன்றைக்கு நிறுத்திக்கொண்டவர்.

"மூடியைத் திறந்து போட்டது நான்தான்" என்றார் மெதுவாக. "இவ எங்கயும் போக வேண்டாம் மிஸ்டர் டில்மன்." பிறகு ஓபலிடம், "கேட்டிருந்தா கொடுத்திருப்பேனேடா" என்றார்.

"யாருகிட்டயும் எப்படிக் கேக்கறதுன்னு தெரியல" என்றாள் அவள்.

டில்மன் தொண்டையைச் செருமினார். தாளை இழுத்து, அறுபத்து நான்கு டாலர் எழுபத்தைந்து சென்ட் என்ற வரியின் குறுக்கே கோடு போட்டார். கையொப்பமிட்டு, அதற்கும் அடியில் ஏதோ எழுதி நீட்டினார்.

"முடிஞ்சுது வெண்டெல். சாவிக்கொத்து உங்ககிட்டயே இருக்கட்டும். நீங்க போகலாம்."

"படிச்சுட்டுப் போறேன் சார்."

இந்த முறை டில்மன் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. வெண்டெலின் விரல் முதல் வரியிலிருந்து நகர்ந்தது. ஓபலும் எட்டிப் பார்த்துக் கூடவே வாசித்தாள். அடித்த வரியைத் தாண்டி, கையொப்பத்தைத் தாண்டி, தாளின் அடிவிளிம்பு வரை விரல் போனது. வரி எதுவும் அறுந்திருக்கவில்லை. கடைசியாக இருந்தது ஒன்றுதான்: 'பாக்கி எதுவும் இல்லை.'