கார் நுழையாத பாதையில் ஒரு பிணம்

"ஐயோ..!"

சுரங்கத்துக்குள்ளிருந்து அந்த அலறல் வந்தபோது மணி பகல் பன்னிரண்டு.

வெளிவாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தலைகளை எண்ணிக்கொண்டிருந்த குழு வழிகாட்டி நெவியாவின் விரல், இரண்டோடு நின்றது.

பல் டாக்டர் வெத்ரான் வந்துவிட்டான்.

காளான் பைத்தியம் துல்லியா வந்துவிட்டாள்.

சில்வானோவும் அவன் மனைவி மார்சேலாவும்..?

"அது மார்சேலா அக்கா குரல்!"

நெவியா டார்ச்சோடு உள்ளே பாய்ந்தாள். மற்ற இருவரும் பின்னால்.

வளைந்து போகும் பழைய ரயில் சுரங்கம். நடுவில் சைக்கிள் ஒன்று கவிழ்ந்து கிடக்க... அதன் சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது!

பக்கத்தில் சில்வானோ. குப்புற. முதுகுச் சட்டை முழுக்கச் சிவப்பு!

"நான் போட்டோ எடுக்க நின்னேன்... முன்னாடி போங்கன்னு நான்தான் சொன்னேன்... வந்து பாத்தா..!" மார்சேலா சுவரோடு சரிந்தாள்.

நெவியா குனிந்து அவன் கழுத்தில் விரல் வைத்தாள். எழுந்தாள். தலையை மெல்ல இருபுறமும் ஆட்டினாள்.

"நான் டாக்டர். நகருங்க!" என்றான் வெத்ரான்.

"பல் டாக்டர்தானே? அவரைக் குத்தினது முதுகுல! யாரும் கிட்ட வராதீங்க. போலீஸ் வர்ற வரைக்கும் தொடக்கூடாது. அக்கா... நீங்களும்தான்."

"என் புருஷன்டி அவரு!"

"தெரியும்க்கா. வெளில வாங்க."

நெவியா அவள் கண்களைப் பார்க்கவில்லை.

சில்வானோ சாதாரண சுற்றுலாப் பயணி அல்ல. சர்வேயர். இஸ்ட்ரியா மலைகளிலிருந்து கடற்கரைப் போரெச் வரை இறங்கும் இந்தப் பாதையில் ரயில் நின்றுபோய்ப் பல காலம். இப்போது சைக்கிள்கள் மட்டும்தான். ஊருக்கு ஊர் கல் தூண் நட்டிருப்பதால் கார் நுழையாது. லாரி நுழையாது. நுழைக்கப் பார்த்தவன் ஒருத்தன்தான்... வில்லா கட்டும் க்ளேமான்! பொய் வரைபடம் ஒன்றைக் காட்டி, பாதையில் நாலு கிலோமீட்டரைத் தன் நிலம் என்று வழக்குப் போட்டிருந்தான்.

உண்மையான வரைபடம் சில்வானோவிடம். நாளை காலை பத்து மணிக்குப் போரெச் கோர்ட்டில் சாட்சி.

தார் ரோடு எங்கும் க்ளேமானின் ஜீப்புகள். அதனால்தான் நெவியாவின் சைக்கிள் குழுவில் ஒருவனாக, ஜீப் வரமுடியாத ஒரே பாதையில் அவன் கிளம்பியிருந்தான்.

நெவியாவுக்கும் இந்தப் பாதைதான் சோறு. பாதை போனால் அவளும் போனாள்.

நெவியா போன் செய்து நாற்பது நிமிடம் கழித்து இன்ஸ்பெக்டர் புர்ஷிச் வந்தார்.

ரோஜா நிற லேடீஸ் சைக்கிளில்! முன்னால் கூடை. கூடையில் தொப்பி.

"ஏம்மா..." புஸ்... புஸ்... "இந்த ஏத்தத்துக்கு... ஜீப் வராதா?"

"ஜீப் வந்தா க்ளேமான் எதுக்கு சார் கோர்ட்டுக்கு அலையறான்?"

"லிவாதே கிராமம் வரைக்கும் ஜீப்லதான் வந்தேன். அங்க வாடகைக்கு மிச்சம் இருந்தது இது ஒண்ணுதான்! என்னைப் பாத்து ரெண்டு கன்னுக்குட்டி சிரிக்குதும்மா!"

"கன்னுக்குட்டி சிரிக்காது சார்."

"இந்த சைக்கிளப் பாத்தா சிரிக்கும்."

உள்ளே போனார். டார்ச் வெளிச்சம் அசைந்தது. முகம் இறுக வெளியே வந்தார்.

"ஒரே குத்து. சுவத்துல ஆள் ஒதுங்குற மாடம் இருக்கு. அதுல மறைஞ்சு நின்னிருக்கான். இந்தப் பக்கமா வேற யாராச்சும் வந்தாங்களா?"

"ஒரு ஆடுகூட வரல சார்" என்றாள் நெவியா.

"அப்போ உங்கள்ல ஒருத்தர்தான். எல்லாரோட சைக்கிளையும் பாக்கணும்."

பைகள் திறந்தன. துல்லியாவின் பையிலிருந்து ஒரு கத்தி பளபளவென்று வெளியே வந்தது!

"இது என்னம்மா?"

"காளான் வெட்டுற கத்தி."

"இவ்ளோ நீளமா?"

"எங்க ட்ரியெஸ்தே பக்கம் வந்து பாருங்க சார். ஒவ்வொரு காளானும் உங்க தொப்பி சைஸுக்கு இருக்கும்."

"என் தொப்பிய ஏம்மா வம்புக்கு இழுக்குற? நீங்க, டாக்டர்?"

"நான் ஈறு ரத்தம் பாத்தாலே பஞ்சு வெச்சுருவேன் சார்" என்றான் வெத்ரான். அவன் சட்டையில் ஒரு துளி கறைகூட இல்லை.

"ம்..." அவன் சைக்கிளை மட்டும் இன்ஸ்பெக்டர் கொஞ்சம் அதிக நேரம் தடவிப் பார்த்தார். ஹேண்டில்பாரில் வாக்கி டாக்கி. குழுவில் யாரும் வழி தவறாமலிருக்க எல்லோருக்கும் நெவியா கொடுத்தது.

மார்சேலா ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள். அழுகையும் திட்டும் மாறி மாறி வந்தன.

"காலைலகூடச் சண்டை போட்டேனே... மேட்டுல என்னைத் தள்ளி விடுறீங்களா, இல்ல என் சைக்கிளப் புடிச்சுத் தொங்குறீங்களான்னு கேட்டேனே! முப்பது வருஷம்... ஒரு நாளாவது என்கிட்டச் சொல்லாம ஒரு காரியம் பண்ணியிருப்பாரா?"

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். நெவியா வானத்தைப் பார்த்தாள்.

"போலீஸ் டாக்டர் வந்து பிணத்தை எடுக்கச் சாயந்திரம் ஆயிடும்" என்றார் இன்ஸ்பெக்டர். "வீட்டுக்குத் தகவல் சொல்றவங்க சொல்லிக்கோங்க. வளைவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கல் பாலத்துல மட்டும்தான் சிக்னல் கிடைக்கும்."

"எனக்குச் சொல்ல யாரும் இல்ல" என்றாள் துல்லியா.

"என் க்ளினிக்குக்கு ஒரு வார்த்தை சொல்லிடறேன் சார்." வெத்ரான் சைக்கிளில் ஏறினான்.

அவன் வளைவில் மறைந்தான். ஒரு நிமிடம்... இரண்டு நிமிடம்...

கர்ர்ர்..!

நெவியாவின் கையிலிருந்த வாக்கி டாக்கி உயிர் பெற்றது!

"...ஹலோ மொதலாளி? காத்து பலமா அடிக்குது... இருங்க, ஸ்பீக்கர்ல போடறேன்..."

மார்சேலா நிமிர்ந்தாள். துல்லியாவின் வாய் திறந்தது.

"அவன் பேசறது இங்க எப்படிக் கேக்குது?"

"உஷ்..!" இன்ஸ்பெக்டர் கண் சிமிட்டினார். "அவன் செட்டுல பேசற பட்டனை அமுக்கி ஒரு தீக்குச்சிய சொருகி வெச்சேன்."

"...முடிச்சுட்டேன் மொதலாளி! டன்னல்ல... ஒரே குத்து! கத்தக்கூட நேரம் குடுக்கல!"

அடுத்து ஒரு கரகரத்த குரல். இஸ்ட்ரியாவில் அதைத் தெரியாதவர் இல்லை.

க்ளேமான்!

"சபாஷ்டா! சில்வானோ ஒழிஞ்சான்! நான் அனுப்பினவன் சோடை போவானா? அடுத்த மாசம் அந்தப் பாதைல என் லாரி ஓடும் பாரு!"

"அந்தக் கடல் பாத்த வில்லா, மொதலாளி..?"

"உன் பேர்லதான்டா!"

இன்ஸ்பெக்டரின் கையில் இன்னொரு சின்னப் பெட்டி, எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தது.

"பாவி!" மார்சேலா எழுந்தாள். "அவன் பல்ல ஒவ்வொண்ணா நான் புடுங்கறேன்!"

வெத்ரான் சீட்டியடித்தபடி திரும்பி வந்தான். நாலு பேர் முகத்தையும் பார்த்தான். நெவியாவின் கையைப் பார்த்தான். தன் ஹேண்டில்பாரைக் குனிந்து பார்த்தான்.

தீக்குச்சி!

சட்டென்று சைக்கிளைத் திருப்பி மிதித்தான். ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் பள்ளம். இறக்கத்தில் சைக்கிள் அம்பாகப் பறந்தது...

"நில்றா!" இன்ஸ்பெக்டர் லேடீஸ் சைக்கிளில் ஒரு காலைத் தூக்கினார். அந்தக் கால் கூடையில் மாட்டிக்கொண்டது.

துல்லியா ஓடினாள். காளான் தேடக் கொண்டுவந்திருந்த கைத்தடியை ஈட்டிபோல வீசினாள்!

டக்... டக்... டக்கட்!

தடி கம்பிகளுக்குள் புகுந்தது. பின்சக்கரம் நின்றது. வெத்ரான் நிற்கவில்லை... காற்றில் ஒரு வளைவு வளைந்து, முள்புதருக்குள் தலைகீழாக இறங்கினான்.

நெவியாவும் துல்லியாவும் ஆளுக்கொரு காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள்.

"நல்ல குறிம்மா!" என்றார் இன்ஸ்பெக்டர், விலங்கை மாட்டியபடி.

"காளானுக்கு நடுவுல பாம்பும் இருக்கும் சார். பழக்கம்."

"சார்! நான் கொல்லல சார்! சத்தியமா!" வெத்ரான் அலறினான். "டன்னல விட்டு முதல்ல வெளில வந்ததே நான்தான்! வேற எவனோ குத்தியிருக்கான். செத்துதான் போயிட்டானேன்னு பேர நான் எடுத்துக்கிட்டேன்! நான் அடுத்த டன்னல்லதான் பண்ணலாம்னு..."

நிறுத்திக்கொண்டான். தாமதமாக!

"தெரியும்யா" என்றார் இன்ஸ்பெக்டர் சாந்தமாக. "நீ கொல்லலன்னு எனக்கு நல்லாவே தெரியும்."

"எ... எப்படி?"

பதில் சுரங்கத்திலிருந்து வந்தது.

"அச்ச்சூ..!"

எல்லோரும் திரும்பினார்கள்.

இருட்டுக்குள்ளிருந்து, முதுகெல்லாம் சிவப்பு வழிய, மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்தது... பிணம்!

வெத்ரான் மயங்கி விழுந்தான்.

"மன்னிச்சுக்கோங்க சார்" என்றான் சில்வானோ. "உள்ள ஒரே குளிர். தரையெல்லாம் ஈரம். ஒரு மணி நேரமாப் படுத்திருக்கேன்... போதாததுக்கு ஒரு பாட்டில் தெரான் சிவப்பு ஒயினை முழுசா முதுகுல ஊத்திட்டா இந்தப் பொண்ணு."

"சைக்கிள் பாட்டில்ல ஊத்தி நேத்தே உங்ககிட்டக் குடுத்தேன். ஊத்திக்கிட்டது நீங்க" என்றாள் நெவியா. "அதுவும் நல்ல ஒயின்!"

இன்ஸ்பெக்டர் துல்லியாவைப் பார்த்தார். "குழுவுல க்ளேமான் ஆள் ஒருத்தர் இருக்காங்கன்னு தகவல் வந்துச்சும்மா. நீயா, அவனான்னு தெரியல. அந்த ஆள் குத்தறதுக்கு முன்னாடி நாமளே குத்தின மாதிரி செட் பண்ணிட்டா, அது தன் வேலைதான்னு க்ளேமான்கிட்டப் பேர் வாங்கப் பாப்பான்னு நினைச்சோம். விஷயம் எங்க மூணு பேருக்கு மட்டும்தான் தெரியும்."

"மூணு பேருக்கு..." என்றது ஒரு குரல்.

மார்சேலா!

அவள் விரல் விட்டு எண்ணினாள். இன்ஸ்பெக்டர். நெவியா. சில்வானோ.

கண்ணீர் காய்ந்திருந்தது. முகம் அமைதியாக இருந்தது. மிக அமைதியாக! தரையில் கிடந்த சைக்கிள் பம்பை அவள் குனிந்து எடுத்தாள்.

"மார்சேலா... நீ நிஜமா அழுதாத்தான் அவன் நம்புவான்னு இவங்கதான்..." சில்வானோ ஒரு அடி பின்னால் வைத்தான்.

"வாங்க. கிட்ட வாங்க. எங்க குத்தினாங்கன்னு பாக்கறேன்."

சில்வானோ இன்ஸ்பெக்டரின் முதுகுக்குப் பின்னால் பாய்ந்து ஒளிந்தான்.

"சார்! கோர்ட் வரைக்கும் எனக்குப் போலீஸ் பாதுகாப்பு வேணும் சார்!"

"எதுக்குய்யா பயப்படற? க்ளேமான் வீட்டுக்கு இந்நேரம் எங்க ஆளுங்க போயிருப்பாங்க."

"ஐயோ, க்ளேமானைப் பத்தி யாரு சார் பேசினா..!"